முறைப்பாடு வரவில்லை என்றால்...



வேலைத்தலத்து மேலதிகாரிகளைப் பற்றி வானொலியில் பேசியபோது, "படிச்ச ஆக்கள் இருக்கிற பெரிய இடங்களில இப்பிடி நடக்காது" என்றார் ஒருவர். நடக்கும். கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்த ஜூலி பேயெட் எங்கள் மொன்றியலில் பிறந்தவர், இரு தடவை விண்வெளிக்குப் போனவர். அவருடைய அலுவலகத்தில் ஊழியர்கள் அவமதிக்கப்படுவதாக 2020 ஜூலையில் சிபிசி செய்தி வெளியிட்டது. பின்னர் வெளியார் நிறுவனமொன்று 92 பேரிடம் விசாரித்தது. 43 பேர் வேலைச்சூழல் மோசமானது என்றார்கள். 17 பேர் அதனாலேயே விலகியதாகவும், 13 பேர் சுகவீன லீவில் போனதாகவும் சொன்னார்கள். 2021 ஜனவரி 21இல் அவர் பதவி விலகினார். தன் காலத்தில் முறையான முறைப்பாடு எதுவும் வரவில்லை என்றும் சொன்னார். அது உண்மை. எனக்கு உறுத்துவதும் அதுதான்.

கத்துகிற முதலாளியின் குரல் கணக்கேட்டில் கேட்காது. ஆனால் புதிய ஆட்களைப் பழக்கும் செலவு, ஓவர்டைம், லீவுச் சம்பளம் என்று வேறு தலைப்புகளில் வந்து நிற்கும். (முதலாளிமாரைக் கேட்டால், "இப்ப வாற ஆக்கள் சரியில்லை" என்பார்கள்.) மேலே இருப்பவர் கத்தினால் அடுத்த நிலையில் இருப்பவரும் கத்தப் பழகுகிறார். மற்றவர்கள் பிழைகளை மறைக்கப் பழகுகிறார்கள்.

2009இல் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். அவர் பேசும் பிரெஞ்சை மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் பழித்துக் காட்டுவாராம். அகதி வழக்கு முடியாத நேரம். "கொஞ்சம் பொறுங்கோ தம்பி, பேப்பர் கிடைக்கட்டும்" என்றேன். அவர் பொறுக்க முடியாமல் வேலையை விட்டு, நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அன்று முறைப்பாட்டுக்கான தவணை 90 நாட்கள். அது தாண்டிவிட்டது. நான் விசாரித்துவிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

வேலையிடத்து உளத் துன்புறுத்தலுக்கு எதிராக வட அமெரிக்காவிலேயே முதலில் சட்டம் கொண்டுவந்தது கியூபெக்தான். 2004 ஜூன் 1இல் அது நடைமுறைக்கு வந்தது. திரும்பத் திரும்ப அவமதிப்பது இதற்குள் அடங்கும். பாதிப்பு நீடிக்குமானால் பாரதூரமான ஒரே சம்பவமும் போதும். 2018 ஜூன் முதல் தவணை, கடைசிச் சம்பவத்திலிருந்து 2 வருடங்கள். முறைப்பாட்டை சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி.யிடம் கொடுக்கலாம், பணம் கட்டத் தேவையில்லை. தொழிற்சங்கம் உள்ள இடமென்றால் சங்கம் மூலம் போகவேண்டும். வங்கி, விமான நிறுவனம் போன்றவற்றுக்கு மத்திய அரசின் சட்டம்.

திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. முறைப்பாடு செய்ததற்காக முதலாளி உங்களை நிற்பாட்டினால் அது தனி முறைப்பாடு. அதற்குத் தவணை 45 நாட்கள்தான்.