சீட்டுக்கட்டு நாயகன் ‘கேம்பிட்’ – வெடிப்பது சீட்டா, சட்டைப் பையா?



காமிக்ஸ் வாசனையே படாத பாலிடெக்னிக் மாணவன் இருக்க முடியுமா? 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழ் பேசத் தொடங்கிய இரும்புக்கை மாயாவியை நம் அப்பா, சித்தப்பாக்களுக்குக் கூடத் தெரியும். கரண்ட்டைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் தயவுசெய்து லேபில் முயற்சி செய்ய வேண்டாம்.

மாயாவி போலவே ரகசிய சக்தி கொண்ட இன்னொரு ஆசாமியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இவர் விஞ்ஞானி அல்ல, போலீஸ் அல்ல. தெருவில் சீட்டு விளையாடிக் காசு பறிக்கிற ஆள். சிரித்தே ஆளைக் கவிழ்க்கிற ஆள். பெயர் கேம்பிட்.

ஆள் யார்?

அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிடும் ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸில் 1990-ம் ஆண்டு அறிமுகமானவர் கேம்பிட். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியர் ஜிம் லீ இருவரும் சேர்ந்து படைத்த பாத்திரம். நிஜப் பெயர் ரெமி லெபோ. ஊர் நியூ ஆர்லியன்ஸ். நீண்ட பழுப்புக் கோட்டு, கையில் ஒரு உலோகத் தடி, கறுத்த விழியில் சிவப்புக் கண்மணி. குழந்தையாக இருக்கும்போதே திருடப்பட்டு, திருடர் சங்கம் ஒன்றின் தலைவர் வீட்டில் வளர்ந்தவர். பேச்சில் பாதி பிரெஞ்சு வாடை. பெண்களிடம் இனிக்க இனிக்கப் பேசுவார். சீட்டாட்டத்தில் எதிராளியின் பணத்தைச் சிரித்துக்கொண்டே அள்ளுவார்.

வெளியே தெரிகிற வேஷம் இவ்வளவுதான். உள்ளே இருப்பது வேறு. கையால் தொட்ட பொருளுக்குள் சக்தியை ஏற்றிவிடுவார். சீட்டு ஒன்றை எடுத்து, ஒரு கணம் விரலிடுக்கில் பிடித்து வீசினால் அது கையெறி குண்டு மாதிரி வெடிக்கும்!

‘கேம்பிட்’ என்ற சொல்லைச் சதுரங்கம் ஆடுபவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு சிப்பாயை வேண்டுமென்றே பலி கொடுத்து, பின்னால் ஆட்டத்தைப் பிடிக்கிற தந்திரத்துக்கு அந்தப் பெயர். மூலம் இத்தாலிய மொழி. அதில் அதன் பொருள் என்ன தெரியுமா? காலைத் தட்டி விழவைப்பது. நம்ம ஊரில் ‘காலை வாரிவிட்டான்’ என்கிறோமே, அதேதான்! பலி கொடுப்பது, காலை வாருவது. இந்த இரண்டு அர்த்தத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சீட்டு வெடிக்குமா? கணக்குப் போடுவோம்

கதாசிரியர்கள் சொல்லும் விளக்கம் இதுதான்: பொருளில் உறங்கிக் கிடக்கும் நிலை ஆற்றலை கேம்பிட் இயக்க ஆற்றலாக மாற்றுகிறார். முதலாண்டு பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்து சரி பார்ப்போமா?

ஒரு சீட்டின் எடை சுமார் 1.8 கிராம். அதை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் நிலை ஆற்றல் எவ்வளவு? நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 0.026 ஜூல். கொசு கூடச் சாகாது!

சரி, வேகமாக வீசினால்? அமெரிக்காவில் ரிக் ஸ்மித் என்ற மேஜிக் கலைஞர் 2002-ல் ஒரு சீட்டை ஏறக்குறைய 66 மீட்டர் தூரம் வீசி உலக சாதனை செய்தார். வேகம் மணிக்குச் சுமார் 148 கிலோமீட்டர். அதாவது நொடிக்கு 41 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது பாதி நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம். போட்டுப் பார்த்தால் 1.5 ஜூல் வருகிறது. உலக சாதனை வீச்சே இவ்வளவுதான். சீட்டு அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் பம்பரம்போல் சுழன்றதுதான். சுழற்சி இல்லாவிட்டால் இரண்டு முழத்தில் படபடத்துக் கீழே விழும்.

இனி கேம்பிட் சீட்டுக்கு வருவோம். 100 கிராம் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமமாக அது வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் டி.என்.டி. என்றால் 4184 ஜூல். 100 கிராமுக்கு 4,18,400 ஜூல். இத்தனை ஆற்றலையும் 1.8 கிராம் சீட்டு வேகமாகக் காட்ட வேண்டுமானால், நொடிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். பூமியை விட்டே தப்பிப் போக ராக்கெட்டுக்கு நொடிக்கு 11.2 கிலோமீட்டர் போதும். ஆக, வில்லன் மேல் வீசிய சீட்டு விண்வெளிக்கே போய்விடும்!

இங்கேதான் ஒரு வேடிக்கை. 4,18,400 ஜூல் என்பது எத்தனை கலோரி? சரியாக 100 கிலோகலோரி. அதாவது ஏறக்குறைய இரண்டு இட்லி! காலையில் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆறு இட்லி தின்றுவிட்டு வகுப்பில் தூங்குகிறவன் வயிற்றில் கால் கிலோவுக்கு மேல் டி.என்.டி.க்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. சீட்டுக் காகிதத்தை எரித்தாலும் கிராமுக்குச் சுமார் 16,000 ஜூல் கிடைக்கும். எடைக்கு எடை பார்த்தால் வெடிமருந்தை விடக் காகிதத்தில்தான் ஆற்றல் அதிகம்!

பின்னே ஏன் இட்லி வெடிப்பதில்லை? ஏன் காகிதம் வெடிப்பதில்லை? விடை: ஆற்றல் வேறு, திறன் வேறு. எனர்ஜி வேறு, பவர் வேறு. இட்லியின் ஆற்றல் மணிக்கணக்கில் மெதுவாக வெளியாகிறது. வெடிமருந்தில் அது நொடியின் மிகச் சிறிய பங்கில் வெளியாகிறது. கேம்பிட் அந்த 4,18,400 ஜூலை ஒரே நொடியில் சீட்டில் ஏற்ற வேண்டுமானால் அவர் விரலில் 418 கிலோவாட் ஓட வேண்டும். சுமார் 560 குதிரைத்திறன், ஏறக்குறைய மூன்று பஸ் எஞ்சின்! சைக்கிள் மிதிக்கும் சராசரி மனிதன் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட்தான். அப்படியானால் நாலாயிரம் பேர் ஒன்றாக மிதிக்க வேண்டும். வைவாவில் எனர்ஜிக்கும் பவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இரண்டு இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். மார்க் நிச்சயம்!

ஆகவே சீட்டு வெடிக்காது. அந்த சக்தி முழுக்க கற்பனை. ஆனால் கேம்பிட்டின் மறுபாதி, அதாவது சிரித்துப் பேசிக் காலை வாருகிற பாதி, கற்பனையே அல்ல. அது ஒரு நிஜ ஊரின் சரித்திரத்திலிருந்து வந்தது.

சூதாடிகள் செழித்த ஊர்

மிசிசிப்பி ஆறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த ஊர். 1803-ல் அமெரிக்கா விலைக்கு வாங்கியது. 1812-ல் முதல் நீராவிக் கப்பல் ஆற்று வழியே அங்கே வந்து சேர்ந்தது. அதன்பின் பருத்தி வியாபாரிகள் கைநிறையப் பணத்தோடு கப்பல்களில் போய்வந்தார்கள். நாட்கணக்கில் பயணம், பொழுது போக வேண்டுமே! ஈக்கள் வெல்லத்தை மொய்ப்பதுபோல் சூதாடிகள் கப்பல்களை மொய்த்தார்கள்.

ஜனங்களின் ஆத்திரமும் சாமானியமானதல்ல. 1835-ல் அதே ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகரில் பொதுமக்களே ஐந்து சூதாடிகளைப் பிடித்துத் தூக்கிலிட்டுவிட்டார்கள். விசாரணை எதுவும் கிடையாது.

இந்தக் கப்பல்களில் பேர் போன ஆள் ‘கனடா பில்’ ஜோன்ஸ். இவரோடு கூட்டுச் சேர்ந்து ஆடிய ஜார்ஜ் டெவால் என்பவர் 1887-ல் தன் நாற்பதாண்டு சூதாட்ட வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். கனடா பில்லின் ரகசியம் என்ன? விவரம் தெரியாத பட்டிக்காட்டான் வேஷம்! தொளதொள சட்டை, அசட்டுச் சிரிப்பு, குளறுகிற பேச்சு. பார்க்கிறவனுக்கு ‘ஐயோ பாவம், இவனை ஏமாற்றுவது சுலபம்’ என்று தோன்ற வேண்டும். தோன்றியதும் முடிந்தது கதை. இவருடைய ஆயுதம் மூன்றே மூன்று சீட்டு.

ராணி எங்கே?

அந்த ஆட்டம் இன்றும் உலகம் முழுவதும் தெருவில் நடக்கிறது. நம்ம ஊர்ச் சந்தை, திருவிழா, பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆளுக்கு மூன்று சீட்டுப் போட்டு ஆடுகிற ‘மூணு சீட்டு’ வேற, இது வேற. மூன்று சீட்டில் ஒன்று ராணி. அதைக் காட்டுவான், கவிழ்ப்பான், இடம் மாற்றுவான். “ராணி எங்கே? சொல்லுங்க, நூறு வச்சா நூறு!”

முதலில் நேர்மையான ஆட்டம் என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்றில் ஒன்று ஜெயிக்கும். மூன்று முறை நூறு வைத்தால் சராசரியாக ஒரு முறை நூறு வரும், இரண்டு முறை நூறு போகும். மூன்று ஆட்டத்துக்கு நூறு ரூபாய் நஷ்டம். நேர்மையாக ஆடினாலே இந்தக் கதி!

ஆனால் ஆட்டம் நேர்மையானதல்ல. ஒரே கையில் இரண்டு சீட்டு மேலும் கீழுமாக இருக்கும். கீழே இருப்பது ராணி என்று காட்டுவான். கீழ்ச் சீட்டை எறிவது போலவே கை அசையும். விழுவதோ மேல் சீட்டு! கண் ராணியைத் தொடர்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முதல் வீச்சிலேயே வேறு சீட்டைத் தொடர ஆரம்பித்துவிட்டோம்.

அடுத்தது கூட்டாளிகள். சுற்றி நிற்கிற ஐந்து பேரில் மூன்று பேர் அவன் ஆட்கள். ஒருவன் ஜெயித்துக் காட்டுவான். இன்னொருவன், ஆட்டக்காரன் வேறு பக்கம் திரும்பியபோது ராணியின் மூலையை மடித்துவிட்டு, நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பான். ‘அடையாளம் கிடைச்சாச்சு!’ என்று நாம் இருப்பதையெல்லாம் வைப்போம். சீட்டு இடம் மாறும்போது அந்த மடிப்பு நீவப்பட்டு, வேறு சீட்டின் மூலை மடிந்திருக்கும். கட்டுப் பிரித்த பரீட்சைப் பணம் காலி!

கவனியுங்கள் நண்பர்களே. இங்கே நம்மைக் கவிழ்த்தது விரல் வேகம் மட்டும் அல்ல. ‘நான் இவனை விடப் புத்திசாலி, இவனுக்குத் தெரியாமல் இவனை ஜெயிக்கலாம்’ என்ற நம் நினைப்புதான். அதனால்தான் ஏமாந்தவன் போலீசுக்கும் போவதில்லை. என்ன என்று சொல்லுவான், ஏமாற்றப் போய் ஏமாந்தேன் என்றா? வசீகரம் என்பது அவன் முகத்தில் இல்லை. நம் ஆசையை நமக்கே அழகாகக் காட்டுகிற கண்ணாடி அது.

இன்று அந்தக் கண்ணாடி செல்போன் வடிவிலும் வந்துவிட்டது. முதல் நாள் சின்னதாக ஜெயிக்கவைத்து, பிறகு பெரிதாக இழுக்கிற பண ஆட்டங்கள் எத்தனை! 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றும் அளவுக்கு அது போய்விட்டது. சட்டம் ஆட்டத்தைத் தடுக்கலாம். ‘நான் மட்டும் ஜெயிப்பேன்’ என்ற நினைப்பைத் தடுப்பது நம் வேலை.

ரகசியத்தின் விலை

இவ்வளவு மோசமான தொழிலைச் செய்தவனை ஏன் வாசகர்கள் நாயகனாக ஏற்றுக்கொண்டார்கள்? காரணம், அவன் கதையில் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

1986-ல் வந்த எக்ஸ்-மென் கதையில், நியூயார்க் நகரத்துச் சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்த ஏழை ஜனங்கள் கூட்டமாகக் கொல்லப்படுகிறார்கள். அந்தக் கொலைகாரக் கும்பலைத் திரட்டிக் கொடுத்ததும், அங்கே வழிகாட்டிக் கூட்டிப்போனதும் யார் என்பது 1997-ல், 350-வது இதழில்தான் வெளியாகிறது. நம்ம கேம்பிட்! அடங்காத தன் சக்தியைக் கட்டுப்படுத்த ஒரு வில்லனிடம் சிகிச்சை பெற்று, அதற்குக் கூலியாகச் செய்த வேலை. என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்காமல் விட்டார் அல்லவா? ரகசியம் வெளியானதும் நண்பர்கள் அவரை அண்டார்டிகா பனியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். உயிராய் நேசித்த ரோக் என்ற பெண் உட்பட. அந்த இடத்தில் சிரிப்பும் செல்லாது, சீட்டும் செல்லாது.

2024-ல் வந்த ‘எக்ஸ்-மென் 97’ கார்ட்டூன் தொடரில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ராட்சத இயந்திரம் ஒன்று ஊரையே அழித்துக்கொண்டு வருகிறது. அதன் இரும்பு முனை கேம்பிட்டின் உடலைத் துளைத்துவிடுகிறது. தன்னைத் துளைத்த அந்த இரும்பின் வழியாகவே இயந்திரம் முழுவதிலும் சக்தியை ஏற்றி வெடிக்கச் செய்து, தானும் மடிகிறார். பலரைக் காப்பாற்ற அவர் வைத்த கடைசிப் பந்தயம் தன் உயிர்.

ஆரம்பத்தில் சொன்ன இரண்டு அர்த்தம் நினைவிருக்கிறதா? காலை வாருவது ஒன்று, பலி கொடுப்பது ஒன்று. தெருவோர ஆசாமி பந்தயம் வைப்பது நம் பணத்தை. கேம்பிட் கடைசியில் வைத்தது தன்னையே. இருவரும் அழகாகச் சிரிக்கிறவர்கள்தான், இருவர் கையிலும் சீட்டுதான். வித்தியாசம் மேசை மேல் இருப்பது யாருடைய பொருள் என்பதில் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, இனிக்க இனிக்கப் பேசி யாராவது உங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், அது சீட்டாக இருக்கட்டும், செல்போனாக இருக்கட்டும், ‘இரட்டிப்புப் பணம்’ ஸ்கீமாக இருக்கட்டும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்க என்ன வைக்கிறீங்க, அண்ணே?”

பதில் வராது. நடையைக் கட்டுங்கள். மிச்சமான பணத்தில் இரண்டு இட்லி சாப்பிடுங்கள். நூறு கிராம் டி.என்.டி. உங்கள் கையில்!