முகம் மறைத்து மனம் திறக்கும் மன்றங்கள்

நம் ஆலயங்களில் அன்றாடம் ஒலிக்கும் "அவதாரம்" என்னும் சொல்லை இன்று உலகெங்கும் உள்ள இளைஞர்கள் வேறொரு பொருளில் வழங்கி வருகின்றனர். கணினித் திரைக்குள் நடமாடுவதற்காக ஒருவர் தமக்கென்று அமைத்துக்கொள்ளும் உருவத்துக்கே அவர்கள் "அவதார்" என்று பெயரிட்டுள்ளனர். 1980-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் உருவாக்கிய "ஹேபிட்டாட்" என்னும் கணினி உலகில் இச்சொல் இப்பொருளில் ஆளப்பட்டது. இறங்கி வருதல் என்பது அதன் வேர்ப்பொருள். மேலிருந்து கீழே இறங்குவதற்குப் பதிலாக, நம் பிள்ளைகள் நாற்காலியிலிருந்து திரைக்குள் இறங்குகிறார்கள், வேறுபாடு அவ்வளவுதான்.

சமூகப் பணியில் ஈடுபட்டுள்ள என்னைப் போன்ற தொண்டூழியர்களிடம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பையன் இரவு இரண்டு மணி வரை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். யாரோ முகம் தெரியாதவர்களோடு பேசுகிறான். பிடுங்கி வைத்துவிடலாமா?" கேள்வி எளிதுதான். விடை அவ்வளவு எளிதன்று என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், அந்தத் திரைக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம். 2003-ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் "செகண்ட் லைஃப்" என்னும் மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. இதில் வெற்றி தோல்வி என்று எதுவும் கிடையாது. தீவுகள், வீடுகள், கடைகள், பூங்காக்கள் எல்லாம் உண்டு. மக்கள் தத்தம் உருவங்களில் வந்து உலாவுவார்கள், உரையாடுவார்கள். அங்கே ஒரு மூலையில் கணப்பு நெருப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு உருவங்கள் அமர்ந்திருக்கும். ஒருவர் நடத்துநர். "இந்த வாரம் எப்படி இருந்தீர்கள்?" என்று அவர் தட்டச்சில் கேட்பார். ஒவ்வொருவராகத் தம் மனச்சோர்வை, பதற்றத்தை, உறக்கமின்மையை, துணையை இழந்த துக்கத்தை எழுதுவார்கள். மற்றவர்கள் இடைமறிக்காமல் படிப்பார்கள். இங்கே சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, கேட்காமல் அறிவுரை கூறக்கூடாது என்பவை இத்தகைய மன்றங்களில் வழக்கமாக உள்ள விதிகள்.

இது முற்றிலும் புதிய ஏற்பாடும் அன்று. 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய மதுப்பழக்க மீட்பு இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடும்பப் பெயரைச் சொல்லாமல் வட்டமாக அமர்ந்து பேசும் முறையைத்தான் பரப்பியது. பட்டவன் சொல்லைப் பட்டவன் கேட்பான் என்பதே அதன் அடிப்படை. மெய்நிகர் மன்றங்கள் அந்த நாற்காலி வட்டத்தைத் திரைக்குள் கொண்டு சென்றிருக்கின்றன, அவ்வளவே. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோயுடன் வாழும் ஆலிஸ் குரூகர் என்ற அமெரிக்கப் பெண்மணி 2007-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய "வெர்ச்சுவல் எபிலிட்டி" என்னும் அமைப்பு, உடற்குறை உள்ளவர்களும் நாட்பட்ட நோயாளிகளும் செகண்ட் லைஃப்பில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வழிசெய்து வருகிறது. வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியல் பயின்ற நோவா ராபின்சன் நிறுவிய "இன்னர்வோர்ல்ட்" மன்றங்களில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட்டங்களை நடத்தி, எண்ணங்களைக் கையாளும் முறைகளைக் கற்றுத் தருகின்றனர். இவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் அதிகாலை இரண்டு மணி என்றால் கலிஃபோர்னியாவில் முந்திய நாள் காலை பத்து அல்லது பதினொரு மணி. நம் வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்ட நேரத்தில், உறக்கம் வராதவனுக்கு அங்கே ஒரு கூட்டம் விழித்திருக்கிறது. இந்த வசதியைக் குறைத்து மதிப்பிடலாகாது.

இனி, நார்வே நாட்டில் நடந்த ஒரு செய்தி. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் டுஷேன் தசைச்சிதைவு நோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியே கதியானார். கடைசி ஆண்டுகளில் பெரும்பாலான நேரத்தை "வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்" என்னும் கணினி விளையாட்டில் கழித்தார். தம் மகன் நட்பையும் அன்பையும் அறியாமலே வாழ்ந்து முடிகிறானே என்று பெற்றோர் கலங்கினர். 2014-ஆம் ஆண்டு நவம்பரில், 25-ஆம் வயதில், மாட்ஸ் மறைந்தார். அவர் எழுதி வந்த வலைப்பக்கத்தில் மரணச் செய்தியைத் தந்தையார் அறிவித்தார். அதன்பின் வந்து குவிந்தன மின்னஞ்சல்கள். அவ்விளையாட்டில் "இபெலின்" என்ற உருவில் நடமாடிய மாட்ஸ், "ஸ்டார்லைட்" என்ற குழுவில் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் குடும்பத்தினருக்குத் தெரிய வந்தது.

நெதர்லாந்துச் சிறுமி ஒருத்தியின் கணினியைப் பெற்றோர் எடுத்து வைத்துவிட்டனர். அவள் மனமுடைந்தாள். அதை அறிந்த மாட்ஸ், அவளுக்கு நண்பர்கள் எவ்வளவு இன்றியமையாதவர்கள் என்று விளக்கி அவள் பெற்றோருக்கே ஒரு கடிதம் எழுதினார். டென்மார்க்கில் ஒரு தாயும், தொடுதலைத் தாங்க இயலாத ஆட்டிசம் உள்ள அவர் மகனும் ஒருவரையொருவர் நெருங்க முடியாமல் தவித்தனர். விளையாட்டுக்குள்ளேயே மகனோடு பேசிப் பாருங்கள் என்று மாட்ஸ்தான் வழி சொன்னார். திரைக்குள் மகனின் உருவம் தாயின் உருவத்தைத் தழுவிக்கொண்டது. மாட்ஸின் இறுதிச் சடங்குக்கு வெளிநாடுகளிலிருந்து ஐந்து நண்பர்கள் வந்து சேர்ந்தனர். அவரை நேரில் அவர்கள் ஒருவரும் பார்த்ததில்லை. இவ்வரலாறு 2024-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்துள்ளது. பிள்ளையின் கணினியைப் பிடுங்க நினைக்கும் பெற்றோர் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

முகத்தை மறைத்துக்கொண்டால் வாய் ஏன் திறக்கிறது? ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். உயரமான உருவம் கொடுக்கப்பட்டவர்கள், குள்ளமான உருவம் பெற்றவர்களைவிடத் துணிவாகப் பேரம் பேசினார்கள். பூண்ட வேடம் பூண்டவனை மாற்றுகிறது. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைகுனிந்தே நடக்கும் ஒருவன், சிறகு முளைத்த உருவில் நின்று, "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று முதன்முறையாகச் சொல்கிறான்.

நம் சமூகத்துக்கு இந்த மறைப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. இந்நாட்டு மக்களில் இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலும் தமிழ் பேசுவோர் ஒரு பகுதியினரே. தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடப்பதற்குள் தெரிந்தவர்கள் நான்கு பேரைப் பார்த்துவிடுவோம். மனநல மருத்துவரிடம் போனது தெரிந்தால் அக்காளின் திருமணப் பேச்சு நின்றுவிடுமோ என்று அஞ்சும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 1928-இல் இயோ சூ காங் பகுதியில் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை 1951-இல் "உட்பிரிட்ஜ்" என்று பெயர் மாறியது. அப்பெயரே பின்னர் பள்ளிக்கூடங்களில் வசைச்சொல்லாயிற்று. 1993-இல் புவாங்கோக் கிரீனில் புதிய கட்டடத்துக்குச் சென்று மனநலக் கழகமாக விளங்கும் இந்நாளிலும் பழைய பேச்சு முழுவதும் மறையவில்லை. அக்கழகம் 2016-இல் தொடங்கிய ஆய்வில், ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் மனநிலைக் கோளாறோ, பதற்றக் கோளாறோ, மதுவால் வரும் கோளாறோ அடைந்திருப்பது தெரிந்தது. அவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேற்பட்டோர் எவ்வித உதவியையும் நாடவில்லை. 2024-இல் வெளியான இளையர் மனநல ஆய்வோ, 15 முதல் 35 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றின் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகக் காட்டியது.

ஆயினும் முகமூடிக்கு மறுபக்கமும் உண்டு. 1980-களில், கணினிவழி உரையாடல் தொடங்கிய காலத்திலேயே, விபத்தில் உடல் ஊனமுற்ற "ஜோன்" என்ற பெண்ணாகத் தம்மைக் காட்டிக்கொண்டு ஒருவர் பல பெண்களின் அந்தரங்கத் துயரங்களைக் கேட்டறிந்தார். ஜோன் என்று ஒருத்தி இல்லவே இல்லை. அது நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் ஆண் மனநல மருத்துவர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 1985-இல் அமெரிக்க இதழொன்று இதை விரிவாக எழுதியது. ஜோனால் பெற்ற ஆறுதல் உண்மைதானே என்று சில பெண்கள் கேட்டார்களாம். என்னால் அவ்வளவு தாராளமாக எண்ண இயலவில்லை. நம்பிக்கை முறிந்தவர் அடுத்த கதவைத் தட்டவே மாட்டார். ஆறுதல் சொல்லிப் பழகி, நான்காம் வாரம் பணம் கேட்பவர்களும் உண்டு என்பதை இந்நாளில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்றுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஒருவர் நள்ளிரவில் எழுதினால், வட்டத்தில் இருப்பவர்களுக்கு அவருடைய உண்மைப் பெயரும் தெரியாது, புளோக் எண்ணும் தெரியாது. ஆம்புலன்சை எங்கே அனுப்புவது? வாய் திறக்க உதவிய அதே மறைப்பு, உயிர் காக்கும் நேரத்தில் சுவராகி நிற்கிறது. எனவே நல்ல மன்றங்கள் தொடக்கத்திலேயே, "இது மருத்துவம் அன்று, ஆபத்து நேர்ந்தால் உங்கள் ஊர் உதவி எண்ணை அழையுங்கள்" என்று அறிவித்துவிடுகின்றன. அப்படி அறிவிக்காத மன்றத்திலிருந்து விலகி வருவதே நலம்.

மொழியையும் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தாய்மார்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்கிறது", "மனசு பாரமாக இருக்கிறது", "ஒன்றும் ஓடவில்லை" என்பார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் வட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. ஆனால் திரை என்பது ஆங்கிலம் கற்றவர்களுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் அமர்வார். சென்னையிலுள்ள மனநல மருத்துவர் திரையில் தோன்றித் தமிழில் பேசுவார். மருந்து அப்பேருந்திலேயே கிடைக்கும். உள்ளூர்ப் பணியாளர் பக்கத்தில் இருப்பார். திரையும் மனிதரும் சேர்ந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

ஞாயிறு மாலைகளில் தேக்கா வட்டாரத் திடல்களில் கூடும் ஊழியர்களில் அதே புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள் ஏராளம். 2020-ஆம் ஆண்டு நோய்ப்பரவலின்போது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்குவிடுதிகளில் அடைபட்டுக் கிடந்த மாதங்களில், கைப்பேசித் திரை ஒன்றே அவர்களுக்கு உறவு. 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சேவையாற்றி வரும் ஹெல்த்சர்வ் அமைப்பு அவர்களுக்காக 24 மணி நேர உதவி எண்ணையும் நடத்துகிறது. எண் 3129 5000.

இனி, பெற்றோர் கேட்ட கேள்வி. மகன் சாப்பிடுகிறானா, உறங்குகிறானா, பள்ளிக்கோ வேலைக்கோ போகிறானா என்று பாருங்கள். இவை மூன்றும் தொடர்ந்து கெட்டுப்போய், விளையாட்டை நிறுத்தவே முடியவில்லை என்றால் அது வேறு செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் 2022 முதல் நடப்புக்கு வந்த விளையாட்டுக் கோளாறாக அது இருக்கலாம். அதற்கு மனநலக் கழகத்தில் உள்ள தேசிய அடிமைத்தன நிர்வாகச் சேவையை நாடலாம். மற்றபடி, பிடுங்குவதற்கு முன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். "இவர்கள் யார்? என்ன பேசுகிறீர்கள்?" என்று விசாரணையாக அல்லாமல், அவன் பள்ளித் தோழர்களைப் பற்றிக் கேட்பதுபோல் கேளுங்கள். முதல் நாள் பதில் வராது.

வாழப் பிடிக்கவில்லை என்ற சொல் காதில் விழுந்தால் அதை நாடகம் என்று ஒதுக்க வேண்டாம். நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் குற்றமன்று. காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்குமோ என்று அஞ்சி மறைக்கத் தேவையில்லை. 1969 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பேச வாய் வராதவர்கள் 9151 1767 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதலாம். 2025-இல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. 16 முதல் 30 வயது வரையுள்ள இளையர்கள் அக்கழகத்தின் "சேட்" நிலையத்தில் கட்டணமின்றி மனநல மதிப்பீடு பெறலாம். இவ்வெண்களைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கும் ஒரு வீட்டை நான் அறிவேன். யாருக்காக என்று அங்கே யாரும் கேட்டதில்லை.