வாட்டைப் பார்த்து வாங்குகிறோம், எரிப்பது ஆம்பியர்

ஒரு சாதாரண வீட்டின் மெயின் சுவிட்ச் பெரும்பாலும் 32 ஆம்பியருக்கானது. மிக்ஸி, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், ஒரு ஏசி எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். மேசைக்கு அடியில் நிற்கும் உயர்ரக டெஸ்க்டாப் கம்ப்யூட்டரிலோ, இரண்டு விரல் அகலம்கூட இல்லாத ஒரு கனெக்டர் வழியாக 50 ஆம்பியர் வரை பாயலாம். 600 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் கிடைப்பது அதுதான்.

புளியங்குடியில் இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் யாருக்கு என்று கேட்கலாம். கல்யாண வீடியோவை 4கே-யில் எடிட் செய்பவருக்கு வேண்டும். வீட்டிலிருந்தே த்ரீடி வேலை பார்க்கும் இளைஞருக்கு வேண்டும். கேம் ஆடுபவரைச் சொல்லவே வேண்டாம். மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வந்துவிடுகின்றன. அவற்றைச் சொருகப்போகும் சுவர் பாயின்ட் மட்டும், டிவிக்கும் டேபிள் ஃபேனுக்கும் என்று எப்போதோ இழுத்த வயரிங்கில்தான் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பது எஸ்எம்பிஎஸ் எனும் பவர் சப்ளை. பட்ஜெட்டில் கடைசியாக மிஞ்சும் காசில் வாங்கப்படும் பொருளும் அதுவே. எலுமிச்சை மார்க்கெட்டில் பழத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்காமல் விலை பேசாத ஊர், எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் அட்டைப்பெட்டியின் மேலே அச்சடித்த எண்ணை நம்பி வாங்குகிறது.

அந்த எண்ணை விட்டுவிட்டுப் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். ஒழுங்கான 850 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 70 ஆம்பியருக்குக் குறையாது. 70.8 என்று போட்டிருந்தால், 12-ஆல் பெருக்க 849.6 வாட். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் ‘450 வாட்ஸ்’ சரக்கில் அதே கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தால், கிடைப்பது 192 வாட்தான். மிச்சக் கணக்கை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டியிருப்பார்கள். இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டைத்தான்.

எத்தனை வாட் வேண்டும் என்பது கடினமான கேள்வி அல்ல. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டுக்கு 575 வாட், இன்டெலின் கோர் ஐ9-14900கே உச்சத்தில் 253 வாட், போர்டு, டிஸ்க், ஃபேன் என்று இன்னொரு 80. மொத்தம் 900-ஐ ஒட்டி வரும். என்விடியாவே 1000 வாட் பரிந்துரைக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 850. இதற்கு மேல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 1600 வாட்டுக்குத் தாவுவதில் ஒரு லாபமும் இல்லை. ஒரு ஆபத்து உண்டு; அதைப் பிறகு பார்க்கலாம்.

சராசரிக் கணக்கில் சிக்காத ஒன்று, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் எகிறல். கிராபிக்ஸ் கார்டு அந்தக் கணநேரத்தில் தன் பெயரளவைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கலாம். 2020-க்குப் பிறகு வந்த கார்டுகளில் இது பெரிய தலைவலியானது. காகிதத்தில் போதுமான வாட் இருந்தும், கேம் நடுவே கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. 2022-இல் வெளியான ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் 200 சதவீதத்தை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்றது. ஆகவே பழைய 1000 வாட்டைவிட ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 விதிப்படி செய்த 850 வாட் சில இடங்களில் உறுதியாக நிற்கும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதில் பாதியைக் கழித்துவிடலாம். ‘கோல்டு சார், கண்ணை மூடிட்டு எடுங்க’ என்பார்கள். 2004-இல் தொடங்கிய அந்தத் திட்டம் முக்கியமாக அளப்பது ஒன்றைத்தான்: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்பது. வழக்கமான சோதனை 115 வோல்ட்டில், 23 டிகிரி வெப்பத்தில் நடக்கிறது. ஏப்ரல், மே மாதத்தில் நம் பக்கத்தில் 23 டிகிரி அறை வேண்டுமென்றால் ஏசியைத்தான் நம்ப வேண்டும். பாதிச் சுமையில் ப்ரான்ஸ் (வெண்கல) முத்திரை 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம் தர வேண்டும். 500 வாட் வேலைக்கு இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 33 வாட். தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத ஈபி பில்லில் எட்டு யூனிட்டுக்குள்தான் வரும். பணத்தை மிச்சப்படுத்தும் கதை இவ்வளவே. உள்ளே ஷார்ட் ஆனால் அது அணையுமா, வெடிக்குமா என்பதைப் பற்றி அந்தத் தங்க நிற ஸ்டிக்கர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

வெடிக்குமா என்பது மிகைப்படுத்தல் அல்ல. 2021-இல் கிராபிக்ஸ் கார்டுக்கு உலகமே அலைந்த நேரத்தில், அமெரிக்காவின் நியூஎக் கடை, கார்டு வேண்டுமென்றால் இதையும் சேர்த்து வாங்கு என்று சில எஸ்எம்பிஎஸ்களைக் கட்டி விற்றது. அவற்றில் கிகாபைட் நிறுவனத்தின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் இரண்டும் இருந்தன. இரண்டுமே 80 பிளஸ் கோல்டு. கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதிக்கும் கேமர்ஸ் நெக்சஸ் குழு அவற்றை வாங்கிச் சோதித்தபோது பல வெடித்தன. அதிகச் சுமை வந்தால் அணைய வேண்டிய பாதுகாப்பு, 120 முதல் 150 சதவீதம் வரை காத்திருக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அதாவது 850 வாட் எஸ்எம்பிஎஸ் 1300-ஐ நெருங்கும்வரை பொறுத்துக்கொண்டிருக்கும், அதற்குள் உள்ளிருக்கும் பாகங்கள் பொறுக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் வரம்பை 110-120 சதவீதத்துக்கு இறக்கியது. குறிப்பிட்ட சீரியல் எண்களை மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. பெரிய பெயர், கோல்டு முத்திரை, பாதுகாப்புகளின் நீண்ட பட்டியல் மூன்றும் இருந்த பொருள் அது. வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட மாடலை யாராவது பிரித்துப் பார்த்து, சுமை ஏற்றிச் சோதித்திருக்கிறார்களா என்று தேடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதே நிறுவனத்தின் அடுத்த மாடல் நன்றாக இருக்கலாம் என்பதால், பிராண்டை வைத்து முடிவுக்கு வருவதும் உதவாது.

இப்போது அந்த 50 ஆம்பியருக்கு வருவோம். பழைய எட்டு முள் கனெக்டரின் வரம்பு 150 வாட். மூன்று கம்பிகளில் தலா 4 ஆம்பியர் சொச்சம். முள்ளின் உண்மையான திறன் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2022-இல் வந்த 16 முள் கனெக்டரில் ஆறு கம்பிகள் தலா 8.3 ஆம்பியரைச் சுமக்கின்றன. முள்ளின் திறனோ 9.2. கையிருப்பு பத்து சதவீதம் சொச்சம்தான். ஆர்டிஎக்ஸ் 4090 கடைக்கு வந்த அதே அக்டோபரில் உருகிய பிளக்குகளின் படங்கள் வந்துவிட்டன. நவம்பரில் என்விடியா, உலகம் முழுவதும் சுமார் 50 புகார்கள் என்றும், பிளக்கை முழுதாக உள்ளே தள்ளாததே பொதுவான காரணம் என்றும் சொன்னது. 2023-இல் கனெக்டரைத் திருத்தினார்கள்: பிளக் சரியாக உட்காராவிட்டால் கார்டு வேலை செய்யாதபடி, உணர்முட்களைக் குட்டையாக்கினார்கள். ஆனாலும் 2025 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 5090-இலும் உருகல் வந்தது. டெர்பவுயர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் அளந்து பார்த்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. எஸ்எம்பிஎஸ் பக்கப் பிளக்கின் வெப்பம் 150 டிகிரியை எட்டியது.

காரணம் எளிது. இந்தக் கார்டுகளில் ஆறு கம்பிகளும் உள்ளே நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்தக் கம்பியில் எவ்வளவு போகிறது என்று கார்டு பார்ப்பதில்லை. இரண்டு மூன்று முட்கள் சரியாகத் தொடாவிட்டால், அவற்றின் பங்கையும் மற்றவை சுமக்கும். எஸ்எம்பிஎஸ் பார்க்குமா என்றால், பெரும்பாலானவை மொத்தத்தை மட்டுமே பார்க்கும். 1200 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 100 ஆம்பியர் வரை எல்லாம் சுகம்; ஒரு கம்பி 20 ஆம்பியரில் வெந்துகொண்டிருப்பது அதன் கணக்கில் குறையே அல்ல. பெரிய வாட் வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கை தலைகீழாவது இங்கேதான். எஸ்எம்பிஎஸ் எவ்வளவு பெரியதோ, கோளாறுக்கும் அவ்வளவு தாராளமாக ஊட்டும். மூன்று நான்கு பழைய கேபிள்களை ஒன்றாக்கும் அடாப்டரைத் தவிர்த்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரும் 16 முள் கேபிளைப் பயன்படுத்துங்கள். இடைவெளி தெரியாத அளவு அழுத்துங்கள். பிளக்கை ஒட்டியே மடிக்காதீர்கள், கேபினெட்டின் கண்ணாடிக் கதவும் அதை நெருக்கக் கூடாது.

சுவர்ப் பக்கம் வருவோம். கார்டுக்குச் செல்வது 12 வோல்ட் என்றால் இங்கே வருவது 230, வந்தால். அக்கம்பக்கத்துத் தோட்ட மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில் 180-க்கு இறங்கும் தெருக்கள் உண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எதிலும் ஓடும், ஸ்டெபிலைசர் கேட்காது. ஆனால் வோல்ட் குறைந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளாது, ஆம்பியரைக் கூட்டும். சுவரிலிருந்து 1000 வாட் இழுக்கும் கம்ப்யூட்டருக்கு 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர், 180-இல் 5.6. அதே ஸ்பைக் பாக்ஸில் இரண்டு மானிட்டரும் ஸ்பீக்கரும் செருகியிருந்தால் 6 ஆம்பியர் பாயின்ட்டின் எல்லை வந்துவிட்டது. லைட், ஃபேன் சர்க்யூட்டுக்கு வயரிங்காரர்கள் வழக்கமாகக் கணக்கிடுவதே 800 வாட்தான். தளர்ந்த சாக்கெட் பழுப்பேறுவது இப்படித்தான் தொடங்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குத் தனி வயர் இழுத்து, அதற்கென ஒரு எம்சிபி வைக்க ஆகும் செலவு, கார்டின் விலையில் மிகச் சிறிய பகுதி.

எர்த் இல்லாத வீடு என்றால் அதை முதலில் தெரிந்துகொள்ளலாம். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும், டெஸ்டர் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் உள்ள சிறு கபாசிட்டர்கள் இரண்டு கம்பிகளிலிருந்தும் உடலுக்குக் கசியவிடுவதால், எர்த் இல்லாதபோது உடல் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான் என்று பலர் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளே உண்மையாகவே இன்சுலேஷன் போகும் அன்றும் அறிகுறி அதே சுள்ளென்ற உணர்வாகத்தான் தொடங்கும்.

நியூட்ரல் துண்டிப்பு இதைவிட மோசம். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். அதன் உச்சம் 560-ஐத் தாண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கபாசிட்டர்கள் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்கானவை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இதில் தப்பாது. மெயின் போர்டில் வோல்டேஜ் கூடினால் துண்டிக்கும் கருவி ஒன்று வைப்பதே மருந்து. ஐப்பசி, கார்த்திகை இடிக்கும் சித்திரைக் கோடை மழைக்கும் அதுவும் போதாது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போவதும் போதாது. பிளக்கையும் லேன் வயரையும் உருவிவிட வேண்டும்.

யுபிஎஸ் வாங்கும்போதும் இதே மயக்கம். 1000 விஏ என்று எழுதியிருப்பது பல மாடல்களில் 600 வாட்தான். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால், காப்பாற்ற வேண்டிய அதே நொடியில் அது ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணையும். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் வாங்கிய பழைய சதுர அலை இன்வெர்ட்டர்கள் இன்னும் பல வீடுகளில் உண்டு. பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள நவீன எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்த அலை ஒத்துவராது, ரீங்காரமிடும், சில சமயம் அணைந்துவிடும். கரண்ட் போய் மாற்று வரும்வரை எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்கும் நேரமும் குறைவு. ஏடிஎக்ஸ் 3.0 கேட்பது முழுச் சுமையில் 12 மில்லி விநாடி, 80 சதவீதச் சுமையில் 17. யுபிஎஸ் மோடில் வைக்காத இன்வெர்ட்டர் அதைவிட மெதுவாக மாறும். சைன் அலை தரும் யுபிஎஸ்ஸை, வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். விஏ எண்ணைப் பார்க்காதீர்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வரி: முழு வாட்டை எத்தனை டிகிரியில் தரும் என்று நல்ல நிறுவனங்கள் 40 அல்லது 50 என எழுதியிருக்கும். எழுதாதவர் எழுதாததற்குக் காரணம் இருக்கும். கபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் சுமார் பாதியாகும். தூசி அடைத்த வலைக்குப் பின்னால் அந்த ஏற்றம் தானாக வந்துவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியில் செருகிவிடுவது இன்னொரு ஆபத்து. கார்டு, டிஸ்க் பக்கம் பொருத்தம் ஒன்றே. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த முள்ளில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டி அந்தக் கணமே செத்துவிடும், அதிலிருக்கும் கல்யாண வீடியோவும் சேர்ந்து.

கருகல் வாசனை வந்தாலோ, எம்சிபி ஒரு முறை விழுந்தாலோ, மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். பிளக்கை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 380 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். நான்கு ஸ்க்ரூதானே என்று திறந்து பார்க்காமல், வாரன்டி பில்லோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.