மகத்தின் அருகே ஒரு மங்கலான மண்டலம்

சிம்ம விண்மீன் குழுவில் மிக ஒளிர்வது மகம். மேலைநாட்டார் அதனை ரெகுலஸ் என அழைப்பர். ஏப்ரல் மாத இரவுகளில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பத்து மணியளவில் அது வான் உச்சியை ஒட்டி நிற்கக் காண்கிறோம். அதற்குச் சற்று வடக்கே, முழுநிலவின் விட்டத்திற்கும் குறைவான இடைவெளியில், லியோ-1 என்னும் குறு விண்மீன் மண்டலம் உள்ளது. 1950ஆம் ஆண்டில்தான், கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்து ஒளிப்படத் தகடுகளின் வழியாக அஃது அறியப்பட்டது.

இவ்விரண்டும் உண்மையில் அண்டை அயலல்ல. மகம் 79 ஒளியாண்டுத் தொலைவிலும், லியோ-1 ஏறத்தாழ 8 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. நம் பார்வைக் கோட்டில் மட்டுமே அவை நெருங்குகின்றன. மகத்தின் ஒளி பல ஆயிரம் மடங்கு மிகுதி. அன்றியும், அது ஒரு புள்ளியில் குவிய, மண்டலத்தின் சிற்றொளியோ பரந்து சிதறிக் கிடக்கிறது.

இதனைப் படம் எடுப்பது எவ்வாறு? ஒளிபதிவு நேரத்தை நீட்டினால், மகம் விழும் படப்புள்ளிகள் நிரம்பி வழிந்துவிடும். ஆகவே, குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டுகிறோம். மண்டலத்தின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் பதிகிறது; இரைச்சலோ இடம் மாறி மாறித் தோன்றுகிறது. எனவே 100 படங்களைக் கூட்டினால் தெளிவு 10 மடங்கு உயரும்.

எனினும், மகத்தைச் சூழ்ந்த ஒளிவட்டம் இம்முறையால் நீங்காது. அதுவும் ஒரே இடத்தில் பதிவதன்றோ? காற்றின் ஈரம், வில்லையில் படிந்த தூசி, பனித்துளி ஆகியவை அவ்வட்டத்தைப் பெருக்குகின்றன. ஆதலின் நிலவற்ற தெளிந்த இரவும் தூய வில்லையும் இன்றியமையாதவை.

இனி, தலையாய வினா ஒன்று எழுகிறது. படத்தில் தோன்றும் மங்கலான கறை மண்டலந்தானா? கருவியின் உள்ளே வில்லைக்கும் வடிகட்டிக்கும் இடையே ஒளி எதிரொளித்து, அத்தகைய போலிக் கறையை உண்டாக்குவதுண்டு. தொலைநோக்கியின் திசையைச் சிறிதளவு மாற்றி மீண்டும் படம் எடுத்தால் உண்மை விளங்கும். போலிக் கறை, சுற்றியுள்ள விண்மீன்களைவிட்டு இடம்பெயரும். மண்டலம் அவற்றிடையே தன் இடத்திலேயே நிற்கும்.

கணினியில் ஒளிவட்டத்தைக் குறைக்கும்போதும் இந்நேர்மை வேண்டும். மகத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே கணக்கின்படி கழித்தல் முறையாகும். வேண்டிய இடத்தை மட்டும் கையால் கருமையாக்கினால், உள்ளது அழியலாம், இல்லாதது தோன்றலாம். வானத்தின் ஒளிப்படம் அழகுக்குரியது மட்டுமன்று. அஃது ஓர் அளவீடுமாகும். எனவே, திருத்திய படத்தோடு திருத்தாத மூலப் படங்களையும் பேணிவைக்க மாணவரைப் பழக்குவோம். பிறர் சரிபார்க்கத்தக்க சான்று அவற்றிலேயே உள்ளது.