வராத வண்டிக்குக் காத்திருக்கும் கம்ப்யூட்டர்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் போய்க் காபி குடித்து முடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்ற குறையை நம் சங்க அன்பர்கள் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். "மெஷின் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பணத்தைச் செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை. நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி தாமதமானால், அது எதற்காக நிற்கிறது என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

பாகாலா ஜங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து வரும் இணைப்பு வண்டிக்காகத் தருமாவரம் வண்டியை அங்கே நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். இணைப்பு வண்டியை ரத்து செய்துவிட்டு, 'காத்திரு' என்ற உத்தரவை மட்டும் ரத்து செய்ய மறந்துவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் நன்றாக இருக்கும், தண்டவாளமும் நன்றாக இருக்கும். ஆனால் வண்டி நகராது.

கம்ப்யூட்டரிலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு மெஷினில் உள்ள கோப்புகளை இன்னொரு மெஷினிலிருந்து திறந்து பார்க்க உதவுவது 'ஃபைல் ஷேரிங்' எனப்படும் கோப்புப் பகிர்வு. அலுவலகத்துக்கு அது தேவை. ஒரே கம்ப்யூட்டர் உள்ள வீட்டில் அதற்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

திருப்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் முன்பு சித்தூரில் கடை வைத்திருந்தார்கள். கடைக் கணக்கை இரண்டு கம்ப்யூட்டர்களிலும் பார்க்கும்படி இணைத்திருந்தார்கள். கடையை மூடியபின் ஒரு மெஷின் மட்டும் வீட்டுக்கு வந்தது. "இதுக்கும் வயசாயிடுச்சு போலிருக்கு அண்ணா" என்றார் அந்த வீட்டு அம்மா. திறந்து பார்த்தேன். இல்லாத அந்த மற்றொரு மெஷினின் பெயர் சிவப்புப் பெருக்கல் குறியுடன் அப்படியே இருந்தது. தினமும் காலையில் அதைத் தேடி, கிடைக்காமல், காத்திருந்து, பிறகுதான் இது எழுந்துகொண்டிருந்தது. அந்த இணைப்பை நீக்கியதும் காத்திருப்பில் பெரும்பகுதி போய்விட்டது.

போவது சில நிமிஷம்தானே என்று விட்டுவிடலாமா? கூடாது. தேவையில்லாத இந்தச் சேவை திறந்து கிடக்கும் கதவும் ஆகும். அதற்கு நம் ஊரே சாட்சி. 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற கிருமி நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளின் வேலை தடைப்பட்டது. ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. அப்போது திருப்பதியும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. அதே மாதத்தில் தேவஸ்தான நிர்வாக அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சிலவும் இதில் சிக்கின.

அந்தக் கிருமி நுழைந்த வழி இந்தக் கோப்புப் பகிர்வுதான். 1980களில் உருவான 'எஸ்.எம்.பி.' என்ற முறையின் பழைய முதல் பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மெஷினுக்குள் புகுந்த கிருமி, யாரும் எதையும் தொடாமலேயே அதன் வழியாக அடுத்த மெஷினுக்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். பேரப்பிள்ளைகளின் புகைப்படங்கள், பத்திரங்களின் நகல், கடைக் கணக்கு என்று நம் வீட்டு மெஷின்களில் இருப்பவை பூட்டப்பட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை இவை. முதலில் முக்கியமான கோப்புகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. 'திஸ் பிசி'யைத் திறந்து பாருங்கள். இப்போது இல்லாத மெஷினின் டிரைவ் ஏதாவது தெரிந்தால், வலது பொத்தானை அழுத்தி 'டிஸ்கனெக்ட்' கொடுங்கள்.

2. 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

3. 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் 'எஸ்.எம்.பி. 1.0' என்று தொடங்கும் வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், தானாகக் கிளம்பும் பகிர்வு நிரல்கள் இருந்தால் நிறுத்துங்கள்.

லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளிடம், 'சாம்பா' என்ற சேவை தேவையில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு மெஷின்கள் ஒரே பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலும், அலுவலக மெஷினிலும் இவற்றை அணைத்தால் வேலை நின்றுவிடலாம். கேட்காமல் கை வைக்க வேண்டாம். மற்றவர்களும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மெஷினைத் திரும்பப் போட்டுப் பார்த்து, செய்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இத்தனையும் செய்த பிறகும் மெதுவாக இருந்தால் பழைய ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்கலாம். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அவற்றை இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள் இந்தக் கதவை அடைப்பதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.