ஓய்வுக்காலத்தில் படகு எஞ்சினைப் பேணும் முறை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் நாள் முதல் ஜூன் 14ஆம் நாள் முடிய, மீனினம் பெருகும் பொருட்டு, நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வது தடை செய்யப்பட்டுள்ளது. 2001ஆம் ஆண்டில் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை, 2017ஆம் ஆண்டு முதல் 61 நாட்களாக நீண்டுள்ளது. முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற நம் கரையில், தூத்துக்குடி முதலிய இடங்களில் அந்நாட்களில் படகுகள் அணிவகுத்து நிற்பதை யாவரும் அறிவர். வலை சீராகிறது, மரத்திற்கு வர்ணம் ஏறுகிறது. எஞ்சினுக்குள் தங்கிய கடல்நீரை நினைப்பவர் மட்டும் மிகச் சிலரே.

குளிர்நாடுகளில் இவ்வாறு மறப்பதற்கு இடமில்லை. நீர் பனிக்கட்டியாகும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பருக்கின்றது. அதன் விசை வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். ஆகவே நார்வே போன்ற நாடுகளில் குளிர்காலம் வருமுன் எஞ்சின் நீரை வடித்துவிடுவர். நம் கரையில் நீர் உறைவதில்லையே, பின் ஏன் வடிக்க வேண்டும் என்று வினவலாம். நமக்குப் பகை பனியன்று, உப்பே.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. எஞ்சின் ஓடுங்கால் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றபின் அது மூலைகளில் தேங்கிச் சிறிது சிறிதாக வற்றும், உப்பு படியும். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பை ஓயாது நனைக்கும். உப்பும் ஈரமும் காற்றும் ஒருங்கே சேருமிடத்தில் துரு விரைந்து பரவுவது இயல்பு. அன்றியும், இரும்பும் வெண்கலமும் உப்புநீரில் ஒருசேர இருந்தால் அங்கு மின்கலம் போன்றதொரு நிகழ்ச்சி நடந்து, இரும்பு அரிக்கப்படும். இதைத் தாங்கிக்கொள்ளவே எஞ்சினில் துத்தநாகத் துண்டுகளைப் பொருத்துகின்றனர். அவை பாதியளவு கரைந்திருப்பின் மாற்றிவிட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, நன்னீரால் கழுவுதல். கடல்நீர் வரும் வால்வை மூடி, பம்பின் குழாயை நன்னீர் நிறைந்த டிரம்மில் இட்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டுக. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே உள்ளறைகள் யாவற்றிலும் நீர் பாயும். டிரம்மில் நீர் குறையக் குறைய நிரப்பி வருக. பம்ப் வறண்டு ஓடினால் அதனுள் இருக்கும் ரப்பர்ச் சக்கரம் கருகிவிடும்.

இரண்டாவது, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய மசகு எண்ணெயை இறக்கிப் புதிது ஊற்றுதல். பழைய எண்ணெயில் சேர்ந்துள்ள அமிலம் பேரிங்குகளை அரிக்கும். கழிவு எண்ணெயைக் கடலில் கொட்டலாகாது.

மூன்றாவது, நீரை வடித்தல். எஞ்சின் ஆறியபின் பிளாக்கின் அடிப்பகுதி, பம்ப், குளிர்விப்பான் ஆகியவற்றில் உள்ள வடிதிருகுகளைக் கழற்றுக. திருகைக் கழற்றியும் நீர் வாராவிடில் உள்ளே நீரில்லை என்று எண்ணற்க. துருச்சேறு துளையை அடைத்திருக்கலாம். கம்பியால் குத்திப் பார்த்தல் நலம். கழற்றிய திருகுகளைத் துணியில் முடிந்து, எஞ்சின் சாவியோடு கட்டி வைத்தால், மீண்டும் ஓட்டுங்கால் மறதி நேராது. நன்னீருடன் துருத்தடுப்பு மருந்து கலந்து ஓடும் தனிச் சுற்று உள்ள எஞ்சின்களில், அந்நீரை இருக்கவிட்டுக் கடல்நீர்ப் பகுதியை மட்டும் வடித்தால் போதும்.

நான்காவது, டீசல் டாங்கி. டீசலைவிட நீர் கனமானது; ஆகலின் அடியில் தங்கும். அதை இறக்கிவிட்டு, டாங்கியை நிறைய நிரப்பி வைத்தால், உள்ளே காற்றின் ஈரம் நீராகப் படிய இடமிராது. புகைக்குழாயின் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்து, வாரம் ஒருமுறை எஞ்சினைக் கையால் சுற்றிவைப்பது நன்று.

வள்ளங்களின் வெளிப்புற எஞ்சின்களையும் நன்னீர் டிரம்மில் ஓட்டிக் கழுவி, நீர் முற்றும் வடியும் வண்ணம் நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். இறவைக்கு ஆயில் எஞ்சின் வைத்துள்ள விவசாயப் பெருமக்களுக்கும் இது பொருந்தும். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது அன்றோ?

இவ்வளவு கவனம் எதற்கு? கரையில் எஞ்சின் நின்றால் பணம் மட்டுமே நட்டம். மன்னார் வளைகுடாவில் நின்றாலோ, படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே செல்லும். 1976ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்த இலங்கை எல்லைக்கோட்டை அது தானே கடந்துவிடவும் கூடும். அப்போது துன்புறுவது படகு மட்டுமன்று. அதிலுள்ளோரும், கரையில் காத்திருக்கும் குடும்பங்களும் ஆம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடைக்காலம் கோடையில் வருகிறது. கரையூர்களில் நன்னீர் அரிது. முதல் வாரத்திலேயே ஒரு நாள் குறித்து, தண்ணீர் லாரியைத் துறைக்கு வரவழைத்து, தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு யாவர் முன்னும் இம்முறையைச் செய்து காட்டச் செய்யுங்கள். தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கிவரும் மீன்வளக் கல்லூரியின் ஆலோசனையையும் நாடலாம். ஒரு நாள் உழைப்பும் சில டிரம் நன்னீரும், ஓர் ஆண்டுக் கவலையைத் தீர்க்கும்.