சத்தம் போடாத ஓட்டை

அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அடையாறு பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "மூச்சை இழு, விடு" என்பார். அப்படி எதைக் கேட்கிறார்?

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலறைகளின் நடுச்சுவரில் சிலருக்குப் பிறவியிலேயே ஓட்டை இருக்கும். வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஓட்டை சத்தமே போடாது! மேலறைகளில் அழுத்தம் குறைவு. அதனால் ரத்தம் ஓசையின்றி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நழுவி, இப்போதுதான் போய்வந்த நுரையீரலுக்கே மறுபடி போகும். இந்தக் கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போகும் வால்வில் முண்டியடிக்கும்போதுதான் 'உஸ்' என்று கேட்கும்.

இன்னொரு துப்பும் உண்டு. 'லப்-டப்'பில் அந்த 'டப்' உண்மையில் இரண்டு ஒலி. மூச்சை இழுத்தால் பிரியும், விட்டால் சேரும். ஓட்டை இருந்தால் விட்டாலும் சேராது. அந்த "இழு, விடு" இதற்கும் உதவும்.

சந்தேகம் வந்தால், ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ எடுப்பார்கள். திரையில் சிவப்பும் நீலமும் ஓடும். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான்.

அம்மா வயிற்றில் இருந்தபோது நம் எல்லோருக்கும் அந்தச் சுவரில் ஒரு திறப்பு இருந்தது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லையே! பிறந்து மூச்சு விட்டதும் பெரும்பாலோருக்கு அது மூடிக்கொள்ளும். சின்ன ஓட்டைகளும் பல சமயம் தாமாக மூடும். பெரியதை விட்டுவைத்தால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிடும்.

1952-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் டாக்டர் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமிக்கு இந்த ஓட்டையைத் தைத்தார். உடலைக் குளிரவைத்தால் அதற்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும். அப்படிக் குளிரவைத்து, இதயத்துக்கு வரும் ரத்தத்தை நிறுத்தி, கிடைத்த சில நிமிட அவகாசத்துக்குள் வேலையை முடித்தார்!

இன்று பல பிள்ளைகளுக்கு நெஞ்சைத் திறக்கவே வேண்டியதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாய் இதயத்துக்குப் போகும். அதற்குள் நிக்கல்-டைட்டானியம் கம்பியில் பின்னிய 'டிவைஸ்', மடக்கிய குடைபோல ஒடுங்கியிருக்கும். வெளியே வந்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி, சுவரின் இருபுறமும் விரிந்து ஓட்டையை அடைக்கும். சில மாதங்களில் இதயத்தின் திசுவே அதன்மேல் படர்ந்துவிடும்.

டிவைஸ் பிடித்துக்கொள்ள ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும். அது இல்லையென்றால் அறுவைதான். அப்போதும் ஒட்டுப்போடத் துணியை வெளியே தேட வேண்டாம். இதயத்தை மூடியிருக்கும் உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டித் தைத்துவிடுவார்கள்.